மோலாரிட்டி, பிஹெச் கணக்கு: ஃபார்முலாவ தேடாம மோல எண்ணி போடுறது எப்படி

ப்ளஸ் ஒன் பசங்களுக்கும் காலேஜ் ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கும் பல வருஷமா கெமிஸ்ட்ரி ட்யூஷன் எடுக்குறேன், கரைசல் கணக்குன்னு வந்தாலே முக்கால்வாசி பேர் முதல்ல கேக்குறது "சார் இதுக்கு எந்த ஃபார்முலா?" அப்டின்னு தான். மோலாரிட்டிக்கு ஒண்ணு, நார்மாலிட்டிக்கு ஒண்ணு, டைல்யூஷனுக்கு (தண்ணி ஊத்தி நீர்க்க வைக்குறதுக்கு) ஒண்ணு, பிஹெச்க்கு நாலுன்னு நோட்டு பூரா எழுதி வச்சிருப்பாங்க, பரீட்சை ஹால்ல எதை எங்க போடுறதுன்னு தெரியாம முழிப்பாங்க. உண்மையில இங்க கேள்வி ரெண்டே ரெண்டு தான். எத்தன மோல் இருக்கு? அது மொத்தம் எத்தன லிட்டர்ல பரவி கெடக்கு? இந்த ரெண்டையும் கேட்டு பழகிட்டா பாதி ஃபார்முலாவ மனப்பாடமே பண்ண வேண்டாம்.

முதல்ல மோல். ஒரு டஜன் வாழைப்பழம்னா 12, ஒரு மோல்னா 6.022 × 10²³ துகள், அவ்ளோ தான். துகள யாராலயும் எண்ண முடியாது, அதனால எடை போட்டு எண்ணுறோம், பேங்க்ல சில்லறைய எடை போட்டு எத்தன காசுன்னு சொல்ற மாதிரி. சோடியம் ஹைட்ராக்சைடோட மோலார் நிறை 40, அதாவது 40 கிராம் எடுத்தா 1 மோல், 4 கிராம் எடுத்தா 0.1 மோல். கிராம மோலார் நிறையால வகுத்தா மோல், மோல லிட்டரால வகுத்தா மோலாரிட்டி.

ஆஸ்பத்திரில ஏத்துற சலைன் பாட்டில பாத்திருப்பீங்க, அதுல 0.9 சதவீதம்னு போட்டிருக்கும். அதாவது 100 எம்எல் கரைசல்ல 0.9 கிராம் உப்பு, அப்போ ஒரு லிட்டர்ல 9 கிராம். உப்போட மோலார் நிறை 58.5, 9 ஐ 58.5 ஆல வகுங்க, 0.154 மோலார் வருது. அதே பாட்டில்ல சின்ன எழுத்துல சோடியம் 154 மில்லிமோல்னும் இருக்கும், நம்ம கணக்கும் அதுவும் ஒண்ணு தான். இத ஒரு தடவ நீங்களே போட்டு பாருங்க, சதவீதத்துல இருந்து மோலாரிட்டிக்கு போற வழி மறக்கவே மறக்காது.

இப்போ எல்லாரும் வழுக்குற இடம். மோலாரிட்டில வர்ற லிட்டர் கரைசலோட லிட்டர், நாம ஊத்துற தண்ணியோட லிட்டர் கெடையாது. வீட்ல இருக்குற சர்க்கரைய வச்சே பாக்கலாம். சர்க்கரையோட மோலார் நிறை 342. 342 கிராம் சர்க்கரைய ஒரு லிட்டர் தண்ணில கொட்டி கரைச்சா மொத்த அளவு கிட்டத்தட்ட 1.2 லிட்டருக்கு ஏறிடும், ஏன்னா சர்க்கரையும் எடத்த அடைக்குதுல்ல. அப்போ நீங்க 1 மோலார்னு நெனச்சது நெஜத்துல 0.83 மோலார் பக்கம் தான் இருக்கும். அதனால தான் லேப்ல ஸ்டாண்டர்ட் ஃப்ளாஸ்க்ல முதல்ல பொருள கொஞ்சம் தண்ணில முழுசா கரைச்சிட்டு, அப்புறம் கழுத்துல இருக்குற கோடு வரைக்கும் தண்ணி ஊத்தி ரொப்பணும்னு சொல்றாங்க. கடைசி ஒரு சென்டிமீட்டர் வாஷ் பாட்டில்ல ஊத்தாதீங்க, டிராப்பர்ல சொட்டு சொட்டா விடுங்க, கண்ண கோட்டுக்கு நேரா கொண்டு வந்து வளைஞ்சு நிக்குற தண்ணியோட அடிப்பகுதி கோட்ட தொடுதான்னு பாருங்க. தாண்டிட்டா எடுத்து கீழ ஊத்தி சரி பண்ண முடியாது, அதோட சேர்ந்து கரைஞ்ச பொருளும் போயிடும், முதல்ல இருந்து தான் போடணும்.

250 எம்எல் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு வேணும்னா 0.25 × 0.1 = 0.025 மோல், அத 40 ஆல பெருக்கினா 1 கிராம். கணக்கு சுலபம். ஆனா தராசுல அந்த வெள்ள உருண்டைங்கள வச்சு ரெண்டு நிமிஷம் பாத்துக்கிட்டே இருங்க, மேல வேர்வ மாதிரி பளபளன்னு நனையும், எடை கொஞ்சம் கொஞ்சமா ஏறும். காத்துல இருக்குற ஈரத்த இழுக்குது, கூடவே கார்பன் டை ஆக்சைடையும் இழுத்து கொஞ்சம் கார்பனேட்டா மாறுது. ஆக நீங்க எடை போட்ட 1 கிராமும் சுத்தமான சோடியம் ஹைட்ராக்சைடு கெடையாது, அந்த பாட்டில்ல "0.1 மோலார்"னு எழுதி ஒட்டினா அது ஒரு உத்தேச நம்பர் தான். நெஜமான நம்பர கண்டுபுடிக்க ஆக்சாலிக் ஆசிட் வேணும், அது காத்துல மாறாது, எடை போட்டத நம்பலாம்.

இங்க தான் ரெண்டாவது வழுக்கல். ஆக்சாலிக் ஆசிட் படிகத்தோட மோலார் நிறை 126 (ரெண்டு தண்ணி மூலக்கூறயும் சேத்து, அத விட்டுட்டு 90 போடுற பசங்க வருஷா வருஷம் இருக்காங்க). லிட்டருக்கு 6.3 கிராம் போட்டா 0.05 மோலார். அதுல 20 எம்எல் பிப்பெட்ல எடுத்து கோனிக்கல் ஃப்ளாஸ்க்ல விட்டு, ரெண்டு சொட்டு பினாப்தலீன் (ஆசிட்ல கலர் இல்லாம, பேஸ் அதாவது காரத்துல ரோஸா மாறுற இண்டிகேட்டர்) போட்டு, ப்யூரெட்ல இருந்து சோடியம் ஹைட்ராக்சைடு விடுறோம். ப்யூரெட் ரீடிங் 20.8 எம்எல்னு வச்சுக்கோங்க. இப்போ கண்ண மூடிக்கிட்டு எம்1வி1 = எம்2வி2 (ரெண்டு பக்கமும் மோலாரிட்டிய அளவால பெருக்கினா சமம்ங்குற ஃபார்முலா) போட்டா 0.048 வரும், தப்பு! ஒரு ஆக்சாலிக் ஆசிட் மூலக்கூறு ரெண்டு ஹைட்ரஜன் அயனி குடுக்கும், அதுக்கு ரெண்டு சோடியம் ஹைட்ராக்சைடு வேணும். மோல எண்ணுங்க: 20 எம்எல் × 0.05 = 1 மில்லிமோல் ஆசிட், அதுக்கு 2 மில்லிமோல் பேஸ், 2 ஐ 20.8 ஆல வகுத்தா 0.0962 மோலார். (எம்எல்ல மோலாரிட்டியால பெருக்கினா நேரா மில்லிமோல் வரும், 1000 ஆல வகுக்குற வேலையே இல்ல, இத பழகிக்கோங்க.) நார்மாலிட்டின்னு ஒண்ணு வச்சிருக்குறதே இந்த ரெண்டு, மூணு கணக்க முன்னாடியே உள்ள சேத்துக்க தான், 0.05 மோலார் ஆக்சாலிக் ஆசிட் 0.1 நார்மல், அங்க வி1என்1 = வி2என்2 சரியா வேல செய்யும். மோலாரிட்டிய வச்சு அத அப்டியே போடலாம்னா அது டைல்யூஷனுக்கும், ஒண்ணுக்கு ஒண்ணு சேர்ற ஆசிட் பேஸுக்கும் மட்டும் தான், ஏன்னா தண்ணி ஊத்தினா மோல் மாறாது, ஒண்ணுக்கு ஒண்ணுன்னா ரெண்டு பக்கமும் மோல் சமம்.

டைல்யூஷன் கணக்குல லேப்ல நெறய வர்றது கான்சன்ட்ரேட்டட் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். பாட்டில்ல 37 சதவீதம், அடர்த்தி 1.18னு போட்டிருக்கும், மோலாரிட்டி போட்டிருக்காது. ஒரு லிட்டர் எடுத்துக்கோங்க, எடை 1180 கிராம், அதுல 37 சதவீதம் ஆசிட், அதாவது 436.6 கிராம், 36.5 ஆல வகுத்தா 11.96, சரி 12 மோலார்னு வச்சுக்கலாம். இப்போ 500 எம்எல் 0.1 மோலார் வேணும், 50 மில்லிமோல் வேணும், 50 ஐ 12 ஆல வகுத்தா 4.2 எம்எல் கிட்ட. ஃபியூம் ஹூட்ல வச்சு, கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடியும் கைக்கு கையுறையும் போட்டு, முதல்ல ஃப்ளாஸ்க்ல பாதிக்கு மேல தண்ணி எடுத்துக்கிட்டு அதுல ஆசிட்ட மெதுவா விடணும். தண்ணிய ஆசிட்ல ஊத்தவே கூடாது, சல்ஃப்யூரிக் ஆசிட்னா இது இன்னும் முக்கியம், கெளம்புற சூட்டுல தண்ணி அங்கயே கொதிச்சு ஆசிட்ட மூஞ்சில தெறிக்க விடும்.

சரி பிஹெச்க்கு வருவோம், அதாவது கரைசல்ல ஹைட்ரஜன் அயனி எவ்ளோ இருக்குன்னு சொல்ற நம்பர். ஹைட்ரஜன் அயனி செறிவு எல்லாம் 0.01, 0.0000001ன்னு சைபரா ஓடுது, எழுதவே சங்கடம். 1909ல கோபன்ஹேகன்ல கார்ல்ஸ்பெர்க் லேப்ல வேல பாத்த சோரன்சன் தான் பத்தோட அடுக்க மட்டும் எடுத்து, மைனஸ தூக்கிட்டு பேசலாம்னு கொண்டு வந்தாரு. 10⁻³ன்னா பிஹெச் 3. நடுவுல வர்ற நம்பருக்கு லாக் 2 = 0.30, லாக் 3 = 0.48 இந்த ரெண்டு தெரிஞ்சா போதும், 4, 6, 8, 9 எல்லாம் அதுல இருந்தே வந்துடும். 2 × 10⁻⁵ன்னா 5 − 0.30 = 4.70. திருப்பி பிஹெச் 2.52 குடுத்து செறிவு கேட்டா, 2.52ங்குறது 3 − 0.48, அப்போ 3 × 10⁻³.

இது லாக் ஸ்கேல்ங்குறத எப்பவும் மனசுல வச்சுக்கணும். கடல் தண்ணியோட பிஹெச் தொழிற்புரட்சிக்கு முன்னாடி 8.2 கிட்ட இருந்தது இப்போ 8.1 கிட்ட வந்திருக்கு, 0.1 தானேன்னு தோணும், 10⁰·¹ போட்டு பாருங்க 1.26, அதாவது ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல கூடியிருக்கு. அதே காரணத்தால பிஹெச்ச சராசரி எடுக்க கூடாது. பிஹெச் 2 இருக்குற ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டயும் பிஹெச் 4 இருக்குறதயும் சம அளவு கலந்தா 3 வரும்னு பத்துக்கு எட்டு பேர் எழுதுவாங்க. மோலுக்கு போங்க: லிட்டருக்கு 0.01 ஒண்ணு, 0.0001 ஒண்ணு, கூட்டினா 0.0101, ரெண்டு லிட்டர்ல பரவி 0.00505, பிஹெச் 2.30.

பலமான ஆசிட்னா போட்டதெல்லாம் பிரிஞ்சிடும், அதனால 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுக்கு பிஹெச் 1. பேஸ்னா முதல்ல பிஓஹெச் (ஹைட்ராக்சைடு அயனி செறிவுக்கு இதே மாதிரி லாக் போட்டு வர்றது) கண்டுபுடிச்சு 14ல இருந்து கழிங்க, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடுக்கு 13. இந்த 14ங்குறது 25 டிகிரி செல்சியஸ்ல தான், சூடு மாறினா அதுவும் மாறும்.

பலவீனமான ஆசிட்ட நான் எப்பவும் வினிகர்ல தான் சொல்லித் தர்றேன், ஏன்னா கடைல வாங்கி நாமளே அளக்கலாம். வினிகர் 10 எம்எல் எடுத்து 100 எம்எல் ஆக்கி, அதுல 20 எம்எல் பிப்பெட்ல எடுத்து பினாப்தலீன் போட்டு, ஆக்சாலிக் ஆசிட்டுக்கு பண்ண மாதிரியே ப்யூரெட்ல இருந்து சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு டைட்ரேஷன் பண்ணுங்க. முதல்ல ரோஸ் கலர் விழுந்த எடத்துலயே மறைஞ்சிடும், போகப்போக மறைய நேரமாகும், அந்த எடத்துல நிறுத்தி நிதானமா ஒவ்வொரு சொட்டா விடுங்க, ஃப்ளாஸ்க்க சுழட்டினதுக்கு அப்புறமும் வெளிறின ரோஸ் அரை நிமிஷம் நின்னா அது தான் முடிவு. அடர் ரோஸ் வந்துட்டா நீங்க தாண்டிட்டீங்க. சரியா 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 16.6 எம்எல் எறங்குச்சுன்னா, 1.66 மில்லிமோல், 20 எம்எல்ல, அப்போ 0.083 மோலார், 10 எம்எல்ல 100 எம்எல் ஆக்கி பத்து மடங்கு நீர்க்க வச்சோம் அதனால ஒரிஜினல் 0.83 மோலார். அசிட்டிக் ஆசிட் மோலார் நிறை 60, லிட்டருக்கு 50 கிராம், அதாவது லேபிள்ல போட்டிருக்குற 5 சதவீதம். கையால அளந்தது லேபிளோட ஒத்துப்போறத பாக்குறப்போ பசங்க மூஞ்சி மாறும் பாருங்க, அதுக்காகவே இத பண்ணலாம்.

இப்போ இதோட பிஹெச். 0.83 ஐ அப்டியே லாக்ல போட்டா 0.08 வரும், அப்டி இருந்தா ஊறுகாய்ல ஊத்தி சாப்பிட முடியுமா? அசிட்டிக் ஆசிட்ல கொஞ்சம் தான் பிரியும், அது எவ்ளோங்குறத கேஏங்குற நம்பர் (ஆசிட் பிரியுற மாறிலி) சொல்லும், அசிட்டிக் ஆசிட்டுக்கு அது 1.8 × 10⁻⁵. கேஏவ செறிவால பெருக்கி வர்க்கமூலம் எடுங்க: 14.9 × 10⁻⁶, மூலம் 3.86 × 10⁻³, பிஹெச் 2.41. ஆயிரத்துல அஞ்சு மூலக்கூறு கூட பிரியல. பிரிஞ்சது 5 சதவீதத்துக்குள்ள இருந்தா இந்த குறுக்கு வழி சரி, தாண்டினா இருபடி சமன்பாடு போடணும்.

பரீட்சைல ஒரு கேள்வி அடிக்கடி வரும், 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டோட பிஹெச் என்ன? 8ன்னு எழுதினா ஆசிட் பேஸ் ஆயிடுச்சுன்னு அர்த்தம். இவ்ளோ நீர்த்துப்போனா தண்ணில ஏற்கனவே இருக்குற 10⁻⁷ அயனிய விட ஆசிட் குடுக்குறது கம்மி, அதனால தண்ணியோடதையும் எண்ணணும், சரியா போட்டா 6.98.

கடைசியா ஒண்ணு நீங்களே போடுங்க. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 50 எம்எல், அதுல 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 40 எம்எல் ஊத்தியாச்சு. மீதி எத்தன மில்லிமோல், அது எத்தன எம்எல்ல இருக்குன்னு பாருங்க (50ன்னு எழுதிடாதீங்க). 1.95 வந்தா சரி, வரலன்னா கீழ வகுத்த அளவ முதல்ல செக் பண்ணுங்க.