ஸ்பின்லாக்கில் சுற்றும்போது எழுதாதீர்கள், படியுங்கள்

ஸ்பின்லாக் என்பது, லாக் கிடைக்கும்வரை த்ரெட் தூங்காமல் லூப்பில் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு. அந்த லூப்பில் ஒவ்வொரு சுற்றிலும் அட்டாமிக் எக்ஸ்சேஞ்ச் (புது மதிப்பை எழுதிப் பழையதை ஒரே படியில் வாங்குவது) செய்ய வேண்டாம். ஒருமுறை முயன்று லாக் கிடைக்காவிட்டால், லாக்கின் நிலையைச் சொல்லும் மாறியை வெறுமனே படித்தபடி சுற்றுங்கள். ரிலாக்ஸ்டு லோடு (வரிசை உத்தரவாதம் இல்லாத வெறும் படிப்பு) போதும். சுற்றுக்கு ஒரு பாஸ் (PAUSE, சற்றே நிற்கச் சொல்லும்) இன்ஸ்ட்ரக்‌ஷன் சேருங்கள். 0, அதாவது லாக் காலி, என்று தெரிந்த பிறகே மீண்டும் எக்ஸ்சேஞ்ச், அது கட்டாயம் அக்வயர் ஆர்டரில் (பின்வரும் படிப்பும் எழுத்தும் அதற்கு முன்னே நகராத வரிசை).

எக்ஸ்சேஞ்ச் தோற்றாலும் அது ஒரு எழுத்துதான். அதற்காக ஒவ்வொரு பிராசசர் கோரும் அந்த மாறி இருக்கும் கேஷ் லைனை (கேஷ் நினைவகத்தின் ஒரு துண்டை) தன்வசம் இழுக்கும். லாக்கை விடுவிக்க வருபவரும் அதே லைனுக்காகக் காத்து நிற்க நேரும். படிக்கும்போதோ எல்லாக் கோர்களும் ஆளுக்கொரு நகலை வைத்துக்கொண்டு அமைதியாகச் சுற்றலாம். பாஸ் சேர்த்தால், லூப்பை விட்டு வெளியேறும் கணத்தில் பைப்லைன் (முன்கூட்டியே தொடங்கிய இன்ஸ்ட்ரக்‌ஷன்களின் வரிசை) கலைவது தவிர்க்கப்படுகிறது. அதே கோரைப் பகிரும் ஹைப்பர்த்ரெட் ஜோடிக்கும் இடம் கிடைக்கிறது.

பாஸ் எண்ணிக்கையை வைத்து நேரத்தைக் கணக்கிடுவது ஆபத்து. இன்டெலின் பழைய சிப்களில் சுமார் 10 சைக்கிள் எடுத்த பாஸ், ஸ்கைலேக் தலைமுறையில் 140 வரை போகிறது. பழைய சிப்பில் அளந்து வைத்த ‘1000 பாஸ்’ அங்கே பல மடங்கு நீளும். டைம்ஸ்டாம்ப் கவுன்ட்டரை வைத்து வரம்பு போடுங்கள்.

த்ரெட்கள் கோர்களைவிட அதிகமாக இருந்தால் இது உதவாது: லாக் வைத்திருப்பவரையே ஷெட்யூலர் நிறுத்திவைத்திருக்கலாம். அங்கே கொஞ்சம் சுற்றிவிட்டு, லினக்ஸில் ஃபியூடெக்ஸிடம் (த்ரெட்டைத் தூங்கவைத்து எழுப்பும் கெர்னல் வசதி) போய்த் தூங்குவதே சரி. போட்டியே இல்லாத லாக்கில் எந்த வித்தியாசமும் தெரியாது.