கேப்பு ரிவால்விங் ரைஃபிள்: எது எதன் பாகம்?

அட்டாலியிலிருந்து இறங்கும் பழைய பெட்டியில் பெரும்பாலும் இரண்டு மூன்று துப்பாக்கிகளின் சாமான் கலந்தே கிடக்கும். பிரிப்பதற்கு முன் ஒரு வேலை. கேப்பு ரிவால்விங் ரைஃபிள் என்பது பல அறையுள்ள சிலிண்டர் சுழலும் நீளத் துப்பாக்கி. இந்த வகையில் மருந்தும் குண்டும் சிலிண்டரின் முன்பக்கமாக இறங்கும். பின்பக்கம் அடைப்பு, பார்த்துச் சொல்ல முடியாது. நிப்பிளில் (அறையின் பின்னுள்ள சிறு குழாய்முனை) கேப்பு (அடித்தால் பொறி தரும் சிறு மூடி) மாட்டியிருந்தால் கை வைக்காமல் காவல் நிலையத்தில் சொல்லுங்க. இல்லையென்றால் ஒவ்வோர் அறையிலும் மூங்கில் குச்சி விட்டு ஆழத்தைக் குறித்து, சிலிண்டரின் வெளி நீளத்தோடு ஒப்பிடுங்க. பாதியில் நின்றால் சுமை இருக்கிறது. கரிமருந்து நூறாண்டு கழிந்தும் பற்றும். டிரில், கேஸ் வெல்டிங் பக்கத்திலேயே வேண்டாம்.

குதிரை (கேப்பை அடிக்கும் சுத்தி) வலப்பக்கவாட்டில் இருந்து, சிலிண்டருக்கு மேலே சட்டம் மூடியிருந்தால் அது அமெரிக்கக் கோல்ட் நிறுவனத்தின் 1855 மாடலாக இருக்கலாம். .36, .44 அங்குல அளவில் ஆறு அறை, .56இல் ஐந்து. குழலில் கிரீடத்தின் கீழ் முத்திரை இருந்தால் இங்கிலாந்தில் சோதித்ததாக இருக்கலாம். முட்டை வட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் பெல்ஜியத்தின் லியேழ். எண்களைக் கண்ணாடி வைத்துப் படியுங்க. குழல், சட்டம், சிலிண்டர் எண் ஒத்துவராவிட்டால் பிற்காலச் சேர்க்கை என்று சந்தேகிக்கலாம். எமரித் தாள் போட்டால் இந்தச் சாட்சியே போய்விடும்.

கருவிகளில் அதிகம் ஏமாற்றுவது குண்டு அச்சு. ஈயக் குண்டு அறையைவிட மயிரிழை பெரிதாக இருந்து, அழுத்தும்போது ஓரம் சீவப்பட்டு இறுகும். வெர்னியரில் அளந்து, அச்சுக்குழி அறையைவிடச் சிறிதாக இருந்தால் அது வேறு துப்பாக்கியுடையது. நிப்பிள் சாவி மெலிதாக இருக்கணும். சிலிண்டரின் பள்ளத்துக்குள் நுழையாத தடித்த சாவி ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கானது. ரவைப் பையும் அப்படித்தான், இதற்குச் சம்பந்தமில்லை.

துருப்பிடித்த நிப்பிளைத் திருகினால் தலை ஒடிந்து அடிப்பகுதி உள்ளேயே தங்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு சில நாள் விடுங்க. திருகுக் காடி குறுகலானது. ஆப்பு போலச் சரிந்த சாதாரண ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி ஓரத்தைத் தின்றுவிடும். முனையை இணையாகத் தேய்த்துக்கொள்ளுங்க. கோவைப் பட்டறையில் எந்த மரையும் போட்டுத் தருவார்கள்தான். ஆனால் பழைய துளையை மெட்ரிக் டேப்பால் (மில்லிமீட்டர் அளவில் மரை வெட்டும் கருவி) விரித்தால் அசல் திருகு இனி நிற்காது.

வாங்குவதற்கு முன்: 1959 ஆயுதச் சட்டத்தில் பாகங்களும் அடங்கும். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு விலக்கு உண்டு.