வேடம் போடும் அப்பா: குடும்ப நகைச்சுவைத் திரைக்கதை எழுதிப் பழகுவது எப்படி?

குறும்படமோ ஆண்டு விழா நாடகமோ எழுத உட்காருகிறவர்களில் பலருக்கு முதலில் தோன்றுவது மாறுவேடக் கதைதான். ஓர் ஆண் பெண் வேடம் போடுகிறான், மாட்டிக்கொள்ளப் பார்க்கிறான், எப்படியோ சமாளிக்கிறான், சிரிப்பு தானாக வந்துவிடும் என்று நினைப்போம். வராது. என்னுடைய முதல் ஸ்கிரிப்ட்டில் புடவை, விக், குரல் மாற்றம் எல்லாம் இருந்தும் மூன்றாவது சீனில் கதை நின்றுவிட்டது, ஏனென்றால் அந்த ஆள் எதற்காக இவ்வளவு பாடுபடுகிறான் என்பதை நான் எங்கேயும் எழுதவே இல்லை. அப்புறம், மனைவியைப் பிரிந்த ஓர் அப்பா தன் பிள்ளைகளோடு இருக்கப் பாட்டி வேடத்தில் அந்த வீட்டுக்கே வேலைக்கு வரும் 'மிசஸ் டவுட்ஃபயர்' என்ற 1993-ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்தை எடுத்துவைத்து சீன் சீனாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் இந்த மாதிரிக் கதை எந்த வரிசையில் எழுதப்பட வேண்டும் என்று புரிந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே சொல்கிறேன். முடிவு வரைக்கும் கதையைச் சொல்லப் போகிறேன், அதனால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

1. படத்தை இரண்டு முறை பாருங்கள்

முதல் முறை குடும்பத்தோடு, சும்மா சிரிப்பதற்காக. இரண்டாவது முறை நோட்டும் பேனாவுமாக, தனியாக. பக்கத்தில் மூன்று கோடு போட்டுக்கொள்ளுங்கள்: இந்த சீனில் அப்பாவுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, வேடம் யாருக்கெல்லாம் தெரியும். வேறு எதுவும் குறிக்க வேண்டாம்.

2. இழப்பை முதலில் எழுதுங்கள், வேடத்தைத் தொடவே வேண்டாம்

கதை நடப்பது சான் பிரான்சிஸ்கோவில். ராபின் வில்லியம்ஸ் நடித்த டேனியல் கார்ட்டூன்களுக்குக் குரல் கொடுப்பவன். மகனின் 12-ஆவது பிறந்தநாளுக்கு அம்மா சம்மதிக்காத விருந்தை வைத்து, வீட்டுக்குள் ஆடு, குதிரை எல்லாம் கொண்டுவந்து கூத்தடிக்கிறான். வேலையிலிருந்து திரும்பும் மனைவி மிராண்டா அந்த வீட்டைப் பார்க்கிறாள், 14 வருடக் கல்யாணம் அன்றோடு முடிகிறது. நீதிமன்றம் பிள்ளைகளை அம்மாவிடம் ஒப்படைக்கிறது. டேனியல் சனிக்கிழமை மட்டும் பார்க்கலாம், மூன்று மாதத்துக்குள் வேலையும் ஒழுங்கான வீடும் தேடிக்கொண்டால் மறுபடி யோசிக்கலாம் என்கிறார் நீதிபதி.

"பிள்ளைகளைப் பிரிந்தான்" என்று எழுதினால் மனதில் எதுவும் ஒட்டாது. தினமும் கூடவே இருந்தவனுக்கு இனி வாரத்தில் ஒரு நாள் என்று எழுதினால் அந்த ஒரு எண்ணே மீதிக் கதையைத் தள்ளிக்கொண்டு போகும். உங்கள் கதையிலும் இப்படி ஒரு எண் வேண்டும். மாதம் இரண்டு ஞாயிறாக இருக்கலாம், பள்ளி வாசலில் கிடைக்கும் பத்து நிமிடமாக இருக்கலாம், ராத்திரி ஒரு வீடியோ காலாகக்கூட இருக்கலாம்.

இங்கேயே இன்னொன்றையும் கவனியுங்கள். மிராண்டா கெட்டவள் இல்லை. சாலி ஃபீல்ட் அந்தப் பாத்திரத்தைச் செய்திருக்கும் விதத்தில், வீட்டில் கண்டிப்புக்காரியாக இருக்க வேண்டிய பாரம் எப்போதும் தன் தலையில்தான் விழுகிறது என்ற களைப்பு முகத்திலேயே தெரியும். மனைவியை வில்லியாக்கினால் எழுதுவது சுலபம், ஆனால் விவாகரத்தை வீட்டில் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளை உங்கள் நாடகத்தைப் பார்க்க வந்தால் அதற்கு அது பொய்யாகத் தெரியும். அந்தப் பிள்ளையை நினைத்து எழுதுங்கள்.

பயிற்சி: அப்பாவின் நியாயம் ஐந்து வரி, அம்மாவின் நியாயம் ஐந்து வரி. இரண்டும் சம கனமாக வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. வேடத்துக்கான திறமை முன்கூட்டியே கையில் இருக்கட்டும்

டேனியலின் தொழிலே குரல் மாற்றுவது என்பதை படத்தின் முதல் காட்சியிலேயே காட்டிவிடுகிறார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று மிராண்டா விளம்பரம் கொடுக்கும்போது அவளுக்குத் தெரியாமல் தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டு, ஒன்றுக்கும் உதவாத ஆட்கள் மாதிரி அவனே விதவிதமான குரலில் போன் பண்ணுகிறான், கடைசியில் பண்பான ஒரு பாட்டியம்மாவாகப் பேசுகிறான். இதற்கு முன்னால் வந்ததெல்லாம் கேட்ட மிராண்டாவுக்கு அந்தக் குரல் வரமாக வந்த மாதிரி இருக்கும். முகத்தை மாற்ற அவனுடைய சகோதரனே ஒப்பனைக் கலைஞனாக இருக்கிறான். ஒன்றுகூட வானத்திலிருந்து குதிப்பதில்லை.

நம் 'அவ்வை சண்முகி'யும் (1996) இதே கணக்குதான். கமல் ஹாசனின் பாண்டியன் சினிமாவில் நடனத் துறை ஆள், அதனால் நாகேஷ் செய்த ஒப்பனைக்காரர் ஜோசப் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். படத்தின் பெயரும், மேடையில் அவ்வையாராக நடித்துப் புகழ்பெற்ற டி.கே. சண்முகத்தின் நினைவாக வைத்தது. சின்ன வயதில், சண்முகம் தன் சகோதரர்களோடு நடத்திய டி.கே.எஸ். நாடகக் குழுவில் பழகியவர் கமல், அந்த நன்றி அந்தப் பெயரில் இருக்கிறது என்பதாலேயே எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

'மிசஸ் டவுட்ஃபயர்' ஒப்பனைக்கு ஆஸ்கர் வாங்கிய படம். உங்களுக்கு அதெல்லாம் வேண்டாம். ஒரு மூக்குக் கண்ணாடி, கொஞ்சம் கூன், நிதானமான நடை இருந்தால் மேடைக்குப் போதும். ஆனால் ஒன்று, பெண்ணாக இருப்பதையே கேலிப்பொருளாக்காதீர்கள். சிரிப்பு அப்பாவின் தவிப்பிலிருந்து வரட்டும், புடவையிலிருந்து வேண்டாம்.

4. வேடம் அவனுக்கு எதையாவது கற்றுக்கொடுக்க வேண்டும்

இந்தப் படிக்குத்தான் அதிக நாள் ஒதுக்குங்கள். பாட்டியாக வந்த முதல் நாள் டேனியலுக்குச் சமைக்கத் தெரியாது, அடுப்பில் குனிந்து மார்பில் வைத்த பஞ்சே தீப்பிடிக்கிறது, கடைசியில் ஓட்டலில் வாங்கிப் பரிமாறுகிறான். கொஞ்ச நாளில் நிஜமாகவே சமைக்கப் பழகுகிறான். வீட்டுப்பாடம் முடிக்காமல் டிவி கிடையாது என்று பிள்ளைகளிடம் கறாராக இருக்கிறான். அதாவது, அவள் இத்தனை வருடம் எந்த அப்பாவைத் தேடினாளோ அந்த அப்பாவாக, அவளுக்கு அடையாளம் தெரியாத முகத்தோடு மாறிக்கொண்டிருக்கிறான். இதை யோசித்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும்.

அப்புறம் ஒரு சீன். மிராண்டா அந்தப் பாட்டியிடம் மனம் விட்டுப் பேசுகிறாள், தன் திருமணம் ஏன் உடைந்தது, அவனோடு இருக்கும்போது தான் எப்படிப்பட்டவளாக ஆகிப்போனாள் என்று. புருஷனிடம் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டாள். எதிரில் இருப்பது அவன்தான், பதில் சொல்லக்கூட அவனால் முடியாது, ரப்பர் முகத்துக்குள் கண் மட்டும் அசைகிறது. முழுப் படத்திலும் வேடத்துக்கு உண்மையான வேலை இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். உங்கள் ஸ்கிரிப்ட்டில் இப்படி ஒரு உரையாடல் இல்லை என்றால் இருபது காமெடி சீன் எழுதியும் பயன் இல்லை, முதலில் இதை எழுதுங்கள், மற்றதெல்லாம் இதைச் சுற்றித் தானாகக் கூடும்.

5. ஒரே நேரத்தில் இரண்டு இடம்

கிளைமாக்ஸுக்கு முன்னால் ஒரே இரவு, ஒரே ஓட்டல். ஒரு மேசையில் மிராண்டாவின் பிறந்தநாள் விருந்து, அங்கே அவன் பாட்டியாக இருந்தாக வேண்டும். இன்னொரு மேசையில் வேலை தரப்போகும் தொலைக்காட்சி நிறுவனத் தலைவர், அங்கே டேனியலாக இருந்தாக வேண்டும். ஒரு பக்கம் குடும்பம், ஒரு பக்கம் அந்தக் குடும்பத்தைத் திரும்பப் பெறத் தேவையான வேலை, எதையும் விட முடியாது.

எழுதும் முறை எளிது. தாளில் இரண்டு பத்தி இழுங்கள், இடது பக்கம் ஒரு மேசை, வலது பக்கம் மற்றது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி. ஆள் இல்லாத மேசையில் என்ன நடக்கிறது என்பதையும் எழுதுங்கள், ஆரம்பத்தில் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு சின்னத் தப்பு கூட வேண்டும். கடைசித் தப்பு மட்டும் விதியால் வராமல் அவன் குணத்தால் வரட்டும். படத்தில் மிராண்டாவின் புதுத் துணை ஸ்டூவுக்கு மிளகாய்த்தூள் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தும் பொறாமையில் அவன் சாப்பாட்டில் டேனியலே தூவுகிறான். அவனுக்கு மூச்சடைக்கும்போது காப்பாற்ற ஓடுவதும் டேனியல்தான், அந்த இழுபறியில் முகமூடி கிழிகிறது. அவனைக் காட்டிக்கொடுத்தது அவனுடைய கெட்ட குணமும் நல்ல குணமும் சேர்ந்துதான்.

6. சேர்வதா வேண்டாமா, இப்போது முடிவெடுங்கள்

'அவ்வை சண்முகி'யில் பிரிந்தவர்கள் சேர்கிறார்கள், தீபாவளிக்கு வந்த படத்தில் அந்தச் சந்தோஷம் பொருந்தவும் செய்தது. 'மிசஸ் டவுட்ஃபயர்' சேர்த்துவைக்கவில்லை. இரண்டாவது முறை நீதிமன்றம் போகும்போது அவன் நிலை இன்னும் மோசமாகிறது, மேற்பார்வையில்தான் பிள்ளைகளைப் பார்க்கலாம் என்கிறார்கள். பிறகு மிராண்டாவே மனம் மாறி, தினமும் பள்ளி விட்டதும் பிள்ளைகள் அப்பாவோடு இருக்க வழி செய்கிறாள். கணவன் மனைவி அல்ல, ஆனாலும் அப்பா அம்மாதான்.

எனக்கு இந்த முடிவுதான் சரி. அப்பா அம்மா பிரிந்த வீட்டுப் பிள்ளைகள் மனதுக்குள் தங்களைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வார்கள், "நான் இன்னும் நல்ல பிள்ளையாக இருந்திருந்தால் சேர்ந்திருப்பார்களோ" என்று. அவர்களிடம் நீ காரணம் இல்லை என்று சொல்ல இந்த முடிவால் முடிகிறது. நீங்கள் சேர்த்துத்தான் வைப்பீர்கள் என்றால் சரி, இரண்டாம் படியில் அம்மாவுக்கு எழுதிய ஐந்து வரியை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அவன் என்ன பதில் செய்திருக்கிறான் என்று பாருங்கள். பதில் இல்லாத வரி ஒன்று இருந்தாலும் சேர்க்காதீர்கள்.

7. விக்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை வாசியுங்கள்

எழுதி முடித்ததும் நண்பர்கள் நான்கு பேரை உட்காரவைத்து, வேடமும் குரல் மாற்றமும் இல்லாமல் சாதாரணக் குரலில் முழுவதையும் வாசிக்கச் சொல்லுங்கள். அப்பா, பிள்ளை பேசிக்கொள்ளும் இடங்களில் அறை அமைதியானால் புடவை வாங்கக் கடைக்குப் போகலாம். இல்லையென்றால் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய் அந்த எண்ணை மறுபடி எழுதுங்கள்.