மூன்று தலைமுறையும் ஏலகிரியில் கூடாரமடித்துத் தங்குவதற்கான ஏற்பாடுகள்

எங்கள் உடன்பிறப்புகளில் அக்கா சென்னையிலும் தம்பி பெங்களூரிலும் நான் கோயம்புத்தூரிலுமாகக் குடும்பம் நடத்துகிறோம். கல்யாணம், காதுகுத்து என்று ஆண்டுக்கு இரண்டு முறை சந்தித்துக்கொண்டாலும், பந்திக்குப் போகும் வழியில் நின்றபடி பேசும் பேச்சில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது முழுதாகத் தெரியவந்ததே இல்லை. அதற்காகவே ஏலகிரியில் இரண்டு இரவுகள் கூடாரமடித்துத் தங்கத் தொடங்கினோம். சிறு குழந்தைகளையும் எழுபதைக் கடந்த பெற்றோரையும் ஒருசேர அழைத்துச் செல்ல நினைப்பவர்களுக்கு, முதல் பயணத்தில் பட்டும் அடுத்த பயணத்தில் திருத்திக்கொண்டும் நாங்கள் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

இடத்தை அழகு பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் பாதை பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சென்னையிலிருந்து வரும் ரயில் பாதை பெங்களூருக்கும், சேலம் வழியாகக் கோவைக்கும் பிரியும் சந்திப்பு ஜோலார்பேட்டை. அங்கிருந்து ஏலகிரி மலைமேல் இருக்கும் அத்தனாவூர் கிராமத்துக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். மூன்று குடும்பங்களும் காலையில் ஒரே நடைமேடையில் இறங்கி, ஒரே வேனில் ஏறிவிடலாம். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுத்துத்தான் வாகனத்தில் போக வேண்டும் என்பதும் எங்களை ஏலகிரியின் பக்கம் திருப்பியது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால், அதற்கு முன்பே பயண நாளை உறுதிசெய்துவிடுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் கர்நாடகப் பள்ளிகளுக்கும் விடுமுறை ஒத்துவருவது அரிது. பொங்கலை ஒட்டிய சனி, ஞாயிறு எங்களுக்கு வசதியாக இருக்கிறது. அப்போது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தரை காய்ந்திருக்கும்.

கூடாரத்தைக் காட்டுக்குள் அடிக்கலாம் என்று இளையவர்கள் ஆசைப்படுவார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுக்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்கான விதிகளும் கடுமையாகிவிட்டன. முகாமுக்கென்றே இடம் வைத்திருப்பவர்களிடம் பேசி, முன்கூட்டியே எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, கூடாரத்திலிருந்து கழிப்பறைக்கு எத்தனை அடி, வழியில் விளக்கு உண்டா, படி உண்டா என்பதுதான். முதல் ஆண்டு நாங்கள் கேட்டது காட்சி எப்படி இருக்கும் என்று. காட்சி நன்றாகவே இருந்தது. கழிப்பறை மேட்டின் மறுபுறம் இருந்தது. இரவு இரண்டு மணிக்கு அம்மாவைக் கைபிடித்து அழைத்துச் சென்றபோதுதான் கேட்க மறந்த கேள்வி எதுவென்று புரிந்தது.

பெரியவர்களுக்குக் கட்டிலுள்ள அறை ஒன்றைக் கூடாரங்களுக்கு அருகிலேயே எடுத்துவிடுங்கள். "நானும் கூடாரத்தில்தான் படுப்பேன்" என்று அவர்கள் பிடிவாதம் பிடிக்கக்கூடும். முழங்கால் வலி உள்ளவருக்குத் தரையில் படுப்பதைவிடத் தரையிலிருந்து எழுவதுதான் பெரும்பாடு. எனவே இரவு பத்து மணிவரை கூடாரத்தில் உட்கார ஒரு நாற்காலியும், அதன்பின் படுக்கக் கட்டிலும் என்று எங்கள் வீட்டில் உடன்பாடு செய்துகொண்டோம்.

மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பாரதியார், கம்பர் முதலிய புலவர்களின் பெயர்களும் பாரி, பேகன் முதலிய வள்ளல்களின் பெயர்களும் அவற்றுக்குச் சூட்டப்பட்டிருக்கின்றன. இது வாந்தியைத் தடுக்க உதவும் என்றால் நம்புவது கடினம். கண் செல்பேசித் திரையில் நிலைத்திருக்க, உடல் மட்டும் சுழலும்போதுதான் தலைசுற்றல் கூடுகிறது. எனவே செல்பேசிகளை வாங்கி வைத்துவிட்டு, அடுத்த வளைவின் பெயர்ப்பலகையை முதலில் படிப்பவருக்கு ஒரு கடலை மிட்டாய் என்று அறிவித்துவிடுங்கள். பிள்ளைகளின் பார்வை தானாகவே வெளியே போய்விடும். காலை உணவு இரண்டு இட்லியோடு நிற்கட்டும். பூரியும் கிழங்கும் மேலே போனபிறகு சாப்பிடலாம்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் இம்மலையில் சமவெளியைவிட ஆறேழு டிகிரி வெப்பம் குறைவு. கோயம்புத்தூரில் மின்விசிறி போட்டுத் தூங்கும் பிள்ளைக்கு இது போதுமான குளிர். குளிர் மேலிருந்து வருவதாக எண்ணிக் கம்பளியைச் சுமந்து செல்கிறோம். உண்மையில் உடம்புச் சூட்டை உறிஞ்சுவது தரை. ஒருவருக்கு இரண்டு போர்வை இருந்தால் ஒன்றைப் பாயின்மேல் விரித்துப் படுக்கச் செய்யுங்கள். கூடாரத்தின் காற்றுத் திறப்புகளைக் குளிருக்குப் பயந்து மூடிவிடக் கூடாது. நான்கு பேர் மூச்சின் ஈரம் துணியில் படிந்து, விடியலில் சொட்டுச் சொட்டாகத் தலையணையில் விழும். மழை பெய்ததென்று நினைத்து முதல் ஆண்டு வெளியே வந்து பார்த்தோம். வானில் ஒரு மேகமும் இல்லை.

இவற்றில் மீறவே கூடாத ஒன்று உண்டு. அணைந்ததுபோல் தோன்றும் அடுப்புக்கரியைக் கதகதப்புக்காகக் கூடாரத்துக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ வைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

சமையலில் ஒரு குறிப்பு போதும். அந்த உயரத்தில் தண்ணீர் 96 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும், குக்கர் கட்டாயம். முதல் நாளுக்குப் புளியோதரையை வீட்டிலேயே கட்டிக்கொண்டு போய்விடுங்கள். குரங்குகள் வரும் என்பதால் உணவு மூட்டை எதையும் கூடாரத்தில் விட வேண்டாம்.

இத்தனை ஏற்பாடும் இரண்டாம் நாள் இரவுக்காகத்தான். சாப்பாடு முடிந்து நெருப்பைச் சுற்றி உட்கார்ந்த பிறகு, ஒவ்வொரு வீடும் தன் ஓராண்டுச் சேதியைச் சொல்ல வேண்டும். இதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட விதி, அவரவர் சேதியை அவரவரே சொல்வது. பிள்ளையின் மதிப்பெண்ணைத் தாயும், கணவனின் வேலை மாற்றத்தை மனைவியும் முந்திக்கொண்டு சொல்வதால்தான் நம் உறவுக்கூட்டங்கள் விசாரணைபோல் ஆகிவிடுகின்றன. என் மகள் பள்ளியில் வாங்கிய பரிசைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவளோ, புதிய பள்ளியில் மதிய உணவுக்கு இப்போதுதான் ஒரு கூட்டாளி கிடைத்திருக்கிறாள் என்று சொன்னாள். ஆறு மாதமாகத் தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள் என்பது, தினமும் அந்த டப்பாவைக் கழுவிய எனக்குத் தெரிந்திருக்கவில்லை. குறுக்கே பேசாமல் இருக்க எனக்கு அன்று மிகவும் முயற்சி வேண்டியிருந்தது.

இளையவரிடமிருந்து தொடங்கி மூத்தவரிடம் முடியுங்கள். தாத்தா முதலில் பேசினால் அறிவுரையாகிவிடும். எல்லோரும் மனம் திறந்தபின் அவர் முறை வந்தால் அவரும் ஏதாவது சொல்வார். "எனக்கு இடது காது கேட்கறதில்லைப்பா, ஒரு வருஷமா" என்று என் அப்பா சொன்னது அப்படித்தான். வாரந்தோறும் மூன்று பிள்ளைகளிடமும் தொலைபேசியில் பேசியவர், ஒவ்வொரு முறையும் வலது காதிலேயே வைத்துப் பேசியிருக்கிறார். தம்பி எதுவும் சொல்லாமல் எழுந்துபோய் அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்தான்.

இறங்கும் நாளில் அவசரம் வேண்டாம். அடுத்த ஆண்டின் தேதியை ஜோலார்பேட்டை நடைமேடையிலேயே, அனைவரும் இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்த் தொலைபேசியில் முடிவு செய்ய முயன்றால் மார்ச் வரை இழுக்கும். கூடாரத்தைப் பனி ஈரத்தோடு சுருட்டித்தான் கொண்டுவர வேண்டியிருக்கும். ஊர் சேர்ந்த அன்றே மொட்டைமாடியில் விரித்து, தையல்களும் மூலைகளும் காயும்வரை உலர்த்திவிட்டு மடியுங்கள். முளைக்குச்சிகளை எண்ணிப் பைக்குள் போடுங்கள். எங்களுடையதில் எப்போதும் ஒன்று குறைகிறது.