1-0-1 என்றால் ராத்திரி ஒன்பது மணி என்று யார் சொன்னது?

கும்பகோணத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். ஆஞ்சைனா, அதாவது இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலிக்கான சீட்டோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இந்த ஐசோசார்பைடு மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுறீங்க?" என்றுதான். காலை டிபனுக்கு அப்புறம் ஒன்று, ராத்திரி படுக்கும்முன் ஒன்று என்பார்கள். 1-0-1 என்று எழுதியிருந்தால் அப்படித்தானே படிப்போம். மற்ற பல மாத்திரைகளுக்கு அது சரி. ஐசோசார்பைடு சேர்ந்த நைட்ரேட் வகைக்குச் சரிப்படாது.

இந்த மருந்து ரத்தக் குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைக்கிறது. ஆனால் நாள் முழுக்க உடம்பில் இருந்தால் குழாய்கள் பழகிப்போய்விடும், மருந்து வேலை செய்யாது. அந்தக் காலத்தில் டைனமைட் தொழிற்சாலைகளில் நைட்ரோகிளிசரினோடு புழங்கிய தொழிலாளர்களுக்குத் திங்கட்கிழமை தலைவலி மண்டையைப் பிளக்கும். இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகித் தணிந்துவிடும். ஞாயிறு லீவு முடிந்து வந்தால் மறுபடி முதலிலிருந்து. மாத்திரையிலும் அதே கதைதான். அதனால் தினமும் 10 முதல் 12 மணி நேரம் உடம்பில் நைட்ரேட் குறைந்திருக்க இடைவெளி விட வேண்டும்.

சாதாரண ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் இரண்டு வேளை என்றால், வழக்கமாகக் காலை 8 மணிக்கு ஒன்று, 7 மணி நேரம் கழித்து மதியம் 3 மணிக்கு ஒன்று. மெதுவாகக் கரையும் வகை என்றால் காலையில் ஒன்றே ஒன்று, உடைக்காமல், மெல்லாமல்.

ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் நம் வாடிக்கையாளர். சாயங்காலம் மகாமகக் குளத்தை ஒரு சுற்று வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுவார். ராத்திரி ஒன்பது மணி மாத்திரை அவர் தூங்கும்போது வேலை செய்துகொண்டிருந்தது! டாக்டரிடம் கேட்டு அதை 3 மணிக்கு மாற்றினார். அட்டையின் பின்பக்கம் மார்க்கரால் பெரிதாக 8, 3 என்று எழுதிக் கொடுத்தேன். மதியத் தூக்கத்தில் விட்டுப்போகாமல் இருக்க செல்போனில் அலாரம். இப்போது உட்காராமல் சுற்றி வருகிறார். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால்தான் நிற்கிறார்.

நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள். சிலருக்கு வலி ராத்திரியில்தான் வரும், டாக்டர் வேண்டுமென்றே இடைவெளியைப் பகலில் வைத்திருப்பார். இதே வலிக்குக் கொடுக்கும், நைட்ரேட் அல்லாத ரனோலசின், ட்ரைமெட்டாசிடின் மாதிரி மாத்திரைகள் காலை, இரவு என்றே போகும். ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பாருங்கள்: எத்தனை மணிக்கு நெஞ்சில் இறுக்கம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், மாத்திரை போட்டு எவ்வளவு நேரமாயிற்று. காலையில் குளிக்கும்போதே வருகிறதென்றால், குளியல், பூஜை, இட்லி எல்லாம் முடித்துப் போடும் மாத்திரையை எழுந்ததும் போடலாமா என்று கேளுங்கள்.

நைட்ரேட் போட ஆரம்பித்த புதிதில் தலைவலி வரலாம், பெரும்பாலும் சில நாளில் தணியும். அதற்காகவே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைத்துப் பார்ப்பார். இதயத் துடிப்பைக் குறைக்கக் கூடவே கொடுக்கும் மெட்டோப்ரோலால், அட்டெனலால் மாத்திரைகளைத் திடீரென நிறுத்தவே கூடாது. வலி முன்னைவிட மோசமாகத் திரும்பும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள்.

வலி வந்ததும் போடும் சார்பிட்ரேட் சட்டைப்பையில் இருக்கட்டும், பீரோவில் வேண்டாம். நின்றபடி போட்டால் தலைசுற்றி விழலாம். உட்கார்ந்து நாக்குக்கு அடியில் வையுங்கள். 5 நிமிடத்தில் தணியாவிட்டால் 108.

அப்புறம், எல்லாரும் கேட்கக் கூச்சப்படுகிற விஷயம். நைட்ரேட் சாப்பிடுகிறவர்கள் ஆண்மைக் குறைவுக்குப் போடும் சில்டெனாஃபில், டடாலாஃபில் பக்கம் போகவே கூடாது, பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். கூட்டத்தில் கேட்கச் சங்கடமாக இருந்தால் மதியம் இரண்டரை மணிக்கு வாருங்கள், கடையில் நான் மட்டும்தான் இருப்பேன்.