செம்பனை நிழலில் கைப்பேசிப் படம்: வானம் வெளுக்காமல் இருக்க

செம்பனைத் தோட்டத்துக்குள் எடுக்கும் படத்தில் வானம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்துவிடும். நிழலில் நிற்பவருக்காகக் கைப்பேசி வெளிச்சத்தைக் கூட்டுவதே காரணம். திரையில் அவர் முகத்தின் மேல் 2, 3 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஃபோகசும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை, மேகத்தின் விளிம்பு தெரியும்வரை மெல்லக் கீழே இழுங்கள் (சில ஆண்ட்ராய்டுகளில் பக்கவாட்டில்). முகம் சற்று இருண்டால் பரவாயில்லை, பிறகு கூட்டிக்கொள்ளலாம். முழுக்க வெளுத்த வானத்தை மீட்கவே முடியாது.

ஏர்கோன் காரிலிருந்து இறங்கியதும் லென்சில் ஆவி படியும். துடைத்தாலும் மறுபடி படியும். 10 நிமிடம் வெளியில் வைத்திருங்கள்.

தீபகற்ப மலேசியாவில் உச்சி வெயில் 12 மணிக்கு அல்ல, 1.15 வாக்கில்தான். கிழக்கு பார்த்த கோயில் கோபுரத்துக்குக் காலை 7.30 முதல் 8.30 வரை அருமையான வெளிச்சம்.