கேனானிக்கல் டேக்: பல முகவரிகளில் திறக்கும் ஒரே பக்கத்தை என்ன செய்வது?

உங்கள் தளத்தில் ஒரு பக்கம் எத்தனை முகவரிகளில் திறக்கிறது என்று முதலில் பாருங்கள். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டு ஒன்று, போடாமல் ஒன்று, விளம்பரத்துக்காக யூடிஎம் (வருகை எங்கிருந்து என்று காட்டும் குறியீடு) ஒட்டியது ஒன்று, விலைவாரியாக வரிசைப்படுத்தினால் வருவது இன்னொன்று. ஷாப்பிஃபை என்ற சேவையில் நடக்கும் இணையக் கடை என்றால், ஒரே பொருள் கலெக்‌ஷன் (பொருள் தொகுப்பு) வழியாக ஒரு முகவரியிலும் நேரடியாக வேறொரு முகவரியிலும் திறக்கும். இதற்கெல்லாம் கூகுள் தண்டிக்கும் என்று பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். சாதாரண நகல்களுக்குத் தண்டனை கிடையாது. தேடலில் காட்ட கூகுள் தானே ஒரு முகவரியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அது நீங்கள் விரும்பாத முகவரியாக இருந்துவிடலாம் என்பதுதான் பிரச்சினை.

இதற்காகத்தான் 2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து, எது அசல் முகவரி என்று தேடுபொறிக்குச் சொல்லும் கேனானிக்கல் டேக்கை அறிவித்தன. நகல் பக்கங்களின் ஹெட் பகுதியில் (பக்கத்தின் நிரலில், திரையில் தெரியாத மேல்பகுதி) ஒரு லிங்க் டேக், அதில் ரெல் என்ற இடத்தில் கேனானிக்கல், ஹெச்ரெஃப் என்ற இடத்தில் அசல் முகவரி. முகவரியை எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்கி முழுசாக எழுதுங்கள். இந்த டேக் ஹெட்டில் இல்லாமல் பக்கத்தின் பாடி பகுதிக்குள் போனால் கூகுள் கண்டுகொள்ளாது. அசல் பக்கத்திலும் தன்னையே காட்டும் டேக் இருப்பது நல்லது. வேர்ட்பிரஸ் பதிவுகளுக்கு இதைத் தானாகவே போட்டுவிடும், அதனால் தீம் ஒன்று, பிளக்இன் ஒன்று என்று வேறு வேறு முகவரியோடு இரண்டு டேக் வந்துவிடாமல், பக்கத்தின் சோர்ஸை (நிரலை) திறந்து ஒன்றுதான் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பிடிஎஃப் கோப்புக்கு ஹெட் பகுதியே கிடையாதே? கோப்போடு சேர்த்து சர்வர் அனுப்பும் தகவலான எச்டிடிபி ஹெடரில் சொல்லலாம்.

சரி, டேக் போட்டதும் வேலை முடிந்ததா? இல்லை. இது கூகுளுக்கு நாம் தரும் குறிப்புதான், உத்தரவு அல்ல. டேக் ஒரு முகவரியைச் சொல்ல, மெனுவில் இருக்கும் லிங்க்கும், தளத்தின் முகவரிப் பட்டியலான சைட்மேப்பும் வேறொன்றைச் சொன்னால் கூகுள் எதை நம்பும்? எல்லாம் ஒரே முகவரியைக் காட்ட வேண்டும். எங்கே வரலாம், வரக்கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் நகலைத் தடுக்காதீர்கள், தடுத்தால் கூகுளால் உள்ளே வந்து டேக்கைப் படிக்கவே முடியாது. தேடலில் காட்டாதே என்று சொல்லும் நோஇண்டெக்ஸையும் கூடவே போட வேண்டாம். பொருள் பட்டியலின் இரண்டாம் பக்கத்தில் உள்ள டேக்கில் முதல் பக்கத்தின் முகவரியைக் கொடுப்பது பெரிய தவறு, இரண்டிலும் இருக்கும் பொருள்கள் வேறு. பழைய முகவரி இனி யாருக்கும் தேவையில்லை என்றால் வருகிறவரைப் புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட்தான் சரியான வழி.

அப்புறம், தள உரிமையாளர்களுக்கான கூகுள் கருவியான சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தின் முகவரியைச் சோதியுங்கள். நீங்கள் அறிவித்த கேனானிக்கலும் கூகுள் தேர்ந்தெடுத்ததும் தனித்தனியாகத் தெரியும். இரண்டும் வேறாக இருந்தால் முதலில் உள் லிங்க்குகளைத் திருத்துங்கள், பிறகு இரண்டு பக்கங்களின் உள்ளடக்கமும் உண்மையிலேயே ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.